கிளிபோட் இரத்தப் பரிசோதனைக்குப் படித்த கதை

கிளிபோட்டுக்கு நோய் என்றால் பயமில்லை. அது கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்பதுதான் பயம். அவருடைய தமையன் மன்னாரில் கல்லுக்குண்டு மாதிரித் திரிந்தவர். கனடாவுக்கு வந்து ஒருமுறை இரத்தம் சோதித்தார், அடுத்த பனிக்காலம் பார்க்கவில்லை. புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஊசிதான் காரணம் என்று கிளிபோட் உள்ளூர நம்பினார்.

ஆகவே, தானும் கனடாவுக்கு வந்து பிக்கரிங்கில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டும் இந்த ஸ்காபரோவாசி, குடும்ப வைத்தியர் இரத்தம் சோதிக்கச் சொன்னதும் பரீட்சைக்குப் போகிற மாணவனாகிவிடுவார். நம்மவர்களில் பலர் செய்வதுதான். ஆண்டு முழுக்கக் கொத்துரொட்டியும் ஆட்டுக்கறியும். பரிசோதனைக்கு முந்திய வாரங்களில் மட்டும் சந்நியாசம். முடிவு நன்றாக வரும், வைத்தியர் மெச்சுவார். இதில் ஏமாறுகிற ஒரே ஆள் தான்தான் என்பது கிளிபோட்டுக்குத் தோன்றியதில்லை.

இந்தக் கோடையில் வைத்தியர் மெச்சவில்லை. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த பிறஷர் குளிசையைக் கூட்டினார். சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, மறுபடி சோதிப்போம் என்றார். அந்தக் 'கொஞ்சம்' கிளிபோட்டின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாழ்க்கையில் இதுதான் கடினமான பரீட்சை என்று முடிவுகட்டிப் படிக்கத் தொடங்கினார். பாடம் கைப்பேசியில் வந்தது: வத்தகைப்பழம், அதாவது தர்ப்பூசணி. பெரும்பகுதி தண்ணீர், கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். விற்றமின் சி உண்டு. சிவப்பு நிறத்தைக் கொடுக்கிற லைகோபீன் உடம்புக்கு நல்லது. பொட்டாசியம் பிறஷரை இறக்க உதவும். காணொளிக்காரர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆபத்தே அங்கேதான் இருந்தது.

சோறு நின்றது. காலையில் அரைப் பழம், வேலையால் வந்து மிச்சம். கடையில் பழங்களைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்பார், வைத்தியர் அவர் முதுகைத் தட்டிக் கேட்பதுபோல.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கும் உதோ?" என்றார் மனைவி கிளடிஸ்.

"பிறஷருக்கு நல்லதாம்."

"நல்லதுதான், ஒரு துண்டு. நீங்கள் மாடு மாதிரியெல்லோ இறக்கிறியள்."

"முழுக்கத் தண்ணியப்பா. தண்ணியில என்ன பிழை?"

பரிசோதனை நாளன்று காலையில் இரத்தம் கொடுத்தார். கால் கொஞ்சம் துவண்டது. படித்த களைப்பு என்று விட்டுவிட்டார். பின்னேரம் கைப்பேசி அடித்தது. வைத்தியர் தானே பேசினார். குடும்ப வைத்தியர் தானே கூப்பிட்டதாக ஸ்காபரோவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. உடனே எமேர்ஜென்சிக்குப் போகவேண்டும், கார் ஓட்டக்கூடாது, பொட்டாசியம் ஏறியிருக்கிறது, இதயத் துடிப்பு குழம்பக்கூடும் என்றார்.

கிளடிஸ் கார் ஓட்டினார், உதடு செபமாலை சொன்னது. கிளிபோட் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினார். ஒவ்வொரு துடிப்பும் வந்து சேர்ந்தது. அடுத்தது வருமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. தமையனுக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள். டொக்டர் லக்சிகா இங்கே பிறந்த பிள்ளை, கிளிபோட்டின் மகளாக இருக்கக்கூடிய வயது.

"அங்கிள், கிட்டடியில சாப்பாட்டில ஏதும் சேஞ்ச் பண்ணினீங்களா?"

"இல்லைப் பிள்ளை. வழமைதான். சோறு, மீன்."

கிளடிஸ் அவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், இத்தனை ஆண்டுகளாக வாங்கிய நல்ல பெறுபேறெல்லாம் களவென்று ஆகிவிடும்.

"அப்பிடியெண்டால் கிட்னிதான் திடீரெண்டு டவுண் ஆகியிருக்கோணும்," என்றாள் லக்சிகா, முகம் சுருங்கி. "நான் டயாலிஸிஸ் செய்யிற ஆக்களோட கதைக்கப்போறன்."

அவள் திரைச்சீலையைத் தாண்டினாள்.

"சொல்லுங்கோவன்," என்றார் கிளடிஸ் மெல்ல.

"சும்மா இரும்."

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

தலைமாட்டில் இருந்த இயந்திரம் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டதுபோல் இருந்தது. விழுங்கியதோ இல்லையோ, கிளிபோட்டுக்கு அது போதும்.

"பிள்ளை," என்று கூப்பிட்டார். திரைச்சீலை அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். "வத்தகைப்பழம். ஒரு நாளைக்கு ஒண்டு. பிளட் ரெஸ்ற்றுக்காக."

லக்சிகா திரும்பிவந்து கதிரையில் இருந்தாள். சிரிக்கவில்லை.

"என்ர மாமாவும் பிளட் ரெஸ்ற்றுக்குப் படிக்கிறவர். பழத்தில பிழை இல்லை அங்கிள், நல்ல பழம். ஆனா உங்கட குளிசை பொட்டாசியத்தை வெளியால விடாது, கிட்னியும் வீக். அதுக்கு மேல முழுப் பழம் எண்டால் ஹார்ட் என்ன செய்யும்?"

பொட்டாசியம் இறங்கும்வரை வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். குளிசையை மாற்றினார்கள். அடுத்த கிழமை மீண்டும் இரத்தம் கொடுக்கவேண்டும். "படிக்காம வாங்கோ," என்றாள் லக்சிகா. "வழமையாச் சாப்பிடுறதைச் சாப்பிட்டிட்டு."

படிக்காமல் பரீட்சைக்குப் போய் கிளிபோட்டுக்குப் பழக்கமில்லை. உள்ளபடி தன்னை யாரும் சோதித்ததும் இல்லை. என்ன வருமோ.

வீட்டில் மிச்சமிருந்த பழத்தைக் கிளடிஸ் வெட்டினார். அவருக்குச் சிறுநீரகமும் சுகம், பிறஷரும் இல்லை. ஒரு துண்டு, பிறகு இன்னொன்று. கிளிபோட் மேசைக்கு எதிரே இருந்து, மனைவியின் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை," என்றார். "மெல்லச் சாப்பிடும்."