கொட்டாங்குச்சிக் கோழியும் லாபம் என்ற எண்ணும்

"…அந்தப் பேச்சு இப்ப எதுக்கு தம்பி? பந்தி நடக்குது. வந்தவங்க நிம்மதியா சாப்பிட்டுப் போகட்டும்."

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில், அக்காவின் மாமனார் என்னிடம் சொன்னது இது. முறைப்படி நானும் அவரை மாமா என்றுதான் அழைக்கிறேன். "அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா" என்று நான் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். என்றைக்கு, என்ன வார்த்தை என்று பந்தியில் இருந்த பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இலையில் ரசத்துக்கு அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது வருஷம் திரும்பிவிட்டது. அத்தானின் சம்மதத்தோடு இந்த நினைவு மலரை அச்சடிக்கிறோம். அன்று கேட்காதவர்கள் இதைப் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

அக்கா பிறந்தது திருவெள்ளறையில். அப்பா குத்தகைக்கு உழுதவர். நான் தவழும் வயதிலேயே அம்மா போய்விட்டார். எனக்குச் சோறு ஊட்டியதும் தலை வாரிவிட்டதும் அக்காதான். எண்ணச் சொல்லிக் கொடுத்ததும் அவரே. வரப்பிலிருந்து களிமண் எடுத்து நண்டு செய்வார். காலுக்கு எத்தனை ஈர்க்குச்சி வேண்டும் என்று என்னைக் கேட்பார். நான் குறைத்துச் சொன்னால் அத்தனை மட்டுமே குத்திவிட்டு, "பாவம்டா, உன் கணக்கால இது நொண்டுது" என்பார். நண்டு நொண்டக்கூடாதே என்றுதான் நான் ஒழுங்காக எண்ணக் கற்றுக்கொண்டேன். அப்பா பார்த்துவிட்டுச் சிரிப்பார். "இவ கைக்கு வேலை இல்லேன்னா காத்தைக்கூட முடைஞ்சு வச்சிடுவா" என்பது அவர் சொல்.

அரிசி மண்டிக்காரர் வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தபோது எங்கள் தெருவே வாயைப் பிளந்தது. மலைக்கோட்டை அருகே மண்டி, ஸ்ரீரங்கத்தில் வீடு. அத்தான் அந்த வீட்டின் இளைய பிள்ளை. நல்ல மனிதர், ஆனால் அவருடைய அப்பா இருக்கும் இடத்தில் அவருக்குக் குரல் எழும்பாது. அதை அவரே இந்த மலரில் எழுதச் சொன்னார்.

அக்காவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஒருவரும் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. அந்த வீட்டு நாகரிகம் அது. சொந்தத்தில் வளைகாப்பு என்றால், "நீ சமையல்கட்டைப் பாத்துக்கோம்மா" என்பார்கள். தொட்டில் போடுகிற நாளில் அக்காவுக்கு மட்டும் பூக்கடைக்குப் போகிற வேலை வரும்.

அதே வீட்டில் மூத்த மருமகளுக்கு ஒரு பையன் பிறந்தான். அவன் நடக்கத் தொடங்கியதும் நேராக நடந்து வந்தது அக்காவிடம்தான். சித்தி, சித்தி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவான். அக்காவின் கைக்கு மறுபடியும் வேலை வந்தது.

முதலில் கொட்டாங்குச்சியில் ஒரு கோழி. கழுத்துக்குப் பழந்துணி, கொண்டைக்குச் சிவப்பு ரிப்பன் துண்டு. கொள்ளிடத்து மணலில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கற்கள்தான் முட்டை. அட்டைத் துண்டில் எத்தனை புள்ளி இருக்கிறதோ அத்தனை முட்டையைக் கோழிக்கு அடியில் வைக்க வேண்டும். கூடுதலாக வைத்தால் கோழி சாய்ந்துவிடும். அடுத்து, தீப்பெட்டிகளை நூலால் கோத்து ஒரு மரவட்டை. முதல் பெட்டியை இழுத்தால் ஒரு புளியங்கொட்டை, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று என்று வால் வரைக்கும் போகும். பிறகு தகர மாடுகள். காலையில் மேய்ச்சலுக்கு விட வேண்டும், சாயங்காலம் எண்ணிப் பட்டியில் அடைக்க வேண்டும். அக்கா ஒரு மாட்டை மடியில் ஒளித்துவிடுவார். எத்தனை காணவில்லை என்று பையன் சொன்னால்தான் அது வீடு திரும்பும். மண்டிக்குப் பக்கத்தில் தகரக்கடை வைத்திருந்த பாய்தான் விளிம்பு தேய்த்துத் துண்டு போட்டுக் கொடுத்தார். "தங்கச்சி, என் கடையில வெட்டினது தொட்டி, பக்கெட்டு. பால் குடுக்காத மாட்டை வெட்ட வச்சது நீதான்" என்பார். அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். பிற்பகல் முழுக்க அக்காவைச் சுற்றி எண்ணுகிற சத்தம்.

அந்தச் சத்தம் ஒருநாள் மாமா காதில் விழுந்தது. பையன் முட்டை வைத்துக்கொண்டே "ஒண்ணு" என்றான். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டார்.

மண்டிக்காரர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்லோ அரிசியோ அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும் அளவு. எல்லா மண்டியிலும் உள்ள வழக்கம்தான். மாமா அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருந்தார். ஒண்ணு என்றால் ஒத்தை, ஒத்தை என்றால் விருத்தி இல்லை என்பது அவர் கட்சி. "இந்த வீட்டுப் பிள்ளை வாயில அது வரக்கூடாது. முதல் முட்டை லாபம்" என்றார்.

அக்கா அவர் முன்னால் அதிகம் பேசாதவர். அன்று பேசினார். "ஸ்கூல்ல ஒண்ணுன்னுதானே மாமா கேப்பாங்க?" என்றார்.

"ஸ்கூல் நாளைக்கு. மண்டி இன்னைக்கு" என்றார் மாமா.

அந்தப் பதிலைக் கேட்டு நானும் அன்று ரசித்துச் சிரித்தேன். அன்றிலிருந்து கோழியின் முதல் முட்டை லாபம், மரவட்டையின் முதல் பெட்டி லாபம், பட்டிக்குத் திரும்பும் முதல் மாடும் லாபம். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேரனை மண்டிக்கு அழைத்துப் போய்க் கல்லாப்பெட்டியின் மேல் மரவட்டையை வைத்து, வந்த வியாபாரிகள் முன்னால் எண்ணச் சொன்னார். உப்பிலியபுரத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி, "கையில மரக்காலோடயே பிறந்திருக்கான்" என்றாராம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டவர்களிடம், "எங்க ரத்தம்" என்று பதில் சொன்னாராம் மாமா.

பையனைத் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனார்கள். பெயரை எழுத மாட்டேன். போனது மாமாவும் பையனின் அம்மாவும். அன்று அரியமங்கலத்துப் பட்டறையில் எனக்கு விடுமுறை, அக்காவைப் பார்க்க வந்திருந்தேன். திரும்பி வந்த பையனின் அம்மா, முகம் சிவந்து வாசலிலேயே தொடங்கிவிட்டார். டீச்சர் பூனைப் படத்தைக் காட்டி எத்தனை பூனை என்று கேட்டாராம். பையன் லாபம் என்றானாம். உனக்கு மூக்கு எத்தனை என்றதற்கும் லாபம். அந்த அறையில் இருந்த எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஒண்ணுன்னு சொல்லு என்றதற்கு, பையன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினானாம். வயதுக்கேற்ற விவரம் வரவில்லை, அடுத்த வருஷம் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"யாருடா சொல்லிக் குடுத்தான்னு டீச்சர் கேக்குறாங்க. சித்தின்னு சொல்றான். என் மானம் போச்சு" என்றார் அந்த அம்மா.

அக்கா மாமாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அத்தான் தரையைப் பார்த்தார். 'நான்தான் சொல்லச் சொன்னேன்' என்று மாமாவிடமிருந்து ஒரு வார்த்தை. அதற்கு மேல் அக்கா எதையும் கேட்கவில்லை. அந்த வார்த்தை வந்தால் பையன் மறுபடியும் அக்காவின் மடிக்கு வருவான், வராவிட்டால் வரமாட்டான். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மாமா சொம்புத் தண்ணீரை வாங்கி அண்ணாந்து குடித்தார். "வெயில் ஜாஸ்தி" என்றார். உள்ளே போய்விட்டார்.

"பெத்தவளுக்குத்தான் தெரியும், பிள்ளைக்கு எதைச் சொல்லிக் குடுக்கணும்னு" என்று சொல்லிக்கொண்டே பையனின் அம்மா அக்காவின் பொம்மைக் கூடையை எடுத்துப் போய் வெந்நீர் அடுப்பில் கவிழ்த்தார். கொட்டாங்குச்சி நன்றாக எரியும். தகர மாடுகள் பழைய சாமான்காரனிடம் போயின. பையனின் அம்மாவை நான் நொந்துகொள்ளவில்லை. நாலு பேர் சிரித்த இடத்திலிருந்து வந்தவர் அவர். அந்தச் சிரிப்பு யாரைச் சேர வேண்டியது என்று தெரிந்தவர் உள்ளே விசிறிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பையன் அக்காவின் பக்கம் வர அனுமதி இல்லை. ஒருமுறை ஜன்னல் வழியாக, "சித்தி, கோழி எங்க?" என்று கேட்டிருக்கிறான். "அடைகாக்கப் போயிருக்கு கண்ணு" என்று சொன்னாராம். அடுத்த வருஷம் அவன் பள்ளியில் சேர்ந்துவிட்டான். ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் அவனை அக்காவிடம் விடச் சொல்லி ஒரு வாய் திறக்கவில்லை. பாய் புதுத் தகரம் வெட்டிக் கொடுத்தனுப்பினார். நான் கொண்டுபோய் நீட்டினேன். "யாருக்குப்பா?" என்று கேட்டார் அக்கா. நான் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது நாள் கடந்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மாளைப் பார்க்க ஒரு சின்னப் பெண் வரும். அக்கா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி ஆடு செய்து, வரிசையாகப் போர்வை மேல் நிறுத்தினார். முதல் ஆட்டைத் தொட்டு "ஒண்ணு" என்றார். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. அங்கே யார் வரப்போகிறார்கள்? அந்தப் பயம் எத்தனை ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வாரமே அக்கா கண்மூடினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. இரவும் பகலும் கட்டிலருகே இருந்த அத்தானுக்கு. தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய தகரக்கடை பாய் வீட்டம்மாவுக்கு. அக்காவுக்குத் தலை பின்னிவிட்ட பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. காரியத்துக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் மனதால் வருந்தியவர்களுக்கும். மாமாவுக்கும் நன்றி. காரியச் செலவு முழுவதும் அவருடையது, ஒரு குறையும் வைக்கவில்லை. நான் கேட்டது செலவை அல்ல.

பந்தி நடக்குது என்று அவர் சொன்னபோது, மூன்றாவது இலையில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். இப்போது வளர்ந்துவிட்டான், பள்ளிக்கூடத்தில் பெருக்கல் போடுகிறான். நான் கேட்டது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "தாத்தா, அன்னைக்கு சித்தி…" என்று வாயெடுத்தான்.

மாமா குனிந்து, பேரனின் தலையைப் பிடித்து இலைப் பக்கம் திருப்பினார்.