மொய் உறையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளி

தங்கை மகனின் கல்யாணம் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. மொய் உறைகளை வாங்கிப் பெட்டியில் போடும் வேலை எனக்கு. முப்பது வருடம் அரசாங்க விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்தவனை வேறு எங்கே உட்கார வைப்பார்கள்?

சிங்கப்பூர் டாலரை நாங்கள் வெள்ளி என்போம். நூற்றொரு வெள்ளி மொய் வைப்பவர்கள் அந்த ஒரு வெள்ளிக் காசை உறைமேல் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். அப்படி ஒட்டிய ஒன்றில் என் கண் நின்றது. நடுவிலிருக்கும் வெள்ளை வட்டம் ஒரு பக்கமாக நகர்ந்து பொன்னிற வளையத்துக்குள் புகுந்திருந்தது. காசு சேகரிக்கும் நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து தேடிவந்த, அச்சில் தவறிய பிழைக்காசு.

லென்ஸை எடுத்தேன். இப்படி வருபவற்றில் பல, யாரோ சுத்தியலால் தட்டி நகர்த்தியவை. தட்டியிருந்தால் வளையத்து எழுத்து ஒடிந்திருக்கும். இதில் ‘சிங்கப்பூர்’ என்பதன் கடைசி எழுத்து, பாதி வெள்ளையிலும் பாதி பொன்னிலுமாக முறிவில்லாமல் விழுந்திருந்தது. அச்சடிக்கும்போதே நேர்ந்த பிழை.

என் பையில் சாதாரண ஒரு வெள்ளிக் காசுகள் நான்கு இருந்தன. ஒன்றை மாற்றி ஒட்டினால் மொய் குறையாது. அந்த யோசனை வந்ததை மறைக்க மாட்டேன்.

பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையிடம் காட்டினேன்.

“ஒரு வெள்ளிதானே மாமா. எடுத்துக்கங்க லா.”

விலை தெரியாமல் கொடுப்பது சம்மதமாகாது என்று எத்தனை கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

“இது ஐந்நூறு வெள்ளி போகும்,” என்றேன்.

“வெளையாடாதீங்க மாமா.”

“நான் எப்ப வெளையாடியிருக்கேன்?”

அவன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அந்த வெலைக்கு நானே வாங்கிக்கிறேன்,” என்றேன்.

பக்கத்தில் நின்ற மணப்பெண் குறுக்கிட்டாள். “வெலை சொன்னவரே வாங்கலாமா மாமா?”

கூடாது. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இந்தக் குடும்பத்தில் விதிமுறை தெரிந்த இன்னொருவர் வந்து சேர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அந்த நிமிடம் தவிர.

மறுவாரம், அவள் இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்து ஜூரோங்கிலிருந்து, என்னை ஏற்கெனவே அறிந்த ஒரு சேகரிப்பாளர் அவர்கள் வீட்டுக்கு வந்தார்; நானும் அங்கே இருந்தேன். மணப்பெண் காசை மேசையில் வைத்ததும் அவர் என்னைத்தான் பார்த்தார்.

“நீங்க பாத்துட்டீங்களாண்ணே?”

“பாத்துட்டேன்.”

அவர் காசைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மணப்பெண் கேட்ட ஐந்நூற்றைம்பதை எடுத்து வைத்துவிட்டு, ஒரு சிறிய அட்டையை என் பக்கம் தள்ளினார். “என்ன பிழைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கு யாரும் கேள்வி கேக்கக் கூடாது.”

எழுதினேன். கோப்புகளில் வழக்கமாக முதலெழுத்துகளை மட்டும் கிறுக்குவேன். அன்று முழுப் பெயரையும் போட்டேன்.