கத்தி அண்ணனுக்கு, உறை தம்பிக்கு

சுஸ்த் ஊர்க் கடைத்தெருவில் கசாப்புக்கடை வைத்திருந்த கம்பராலியிடம் கறி வாங்கியவர்களுக்கு எடையில் குறை இருந்ததில்லை. குறையெல்லாம் அவருடைய நாக்கில்தான் இருந்தது. காலையில் கடை திறந்ததும் ஆட்டை உரிப்பதற்கு முன்னால் யாராவது மனிதனை உரித்துவிடுவார்.

அவருக்குப் பிடித்தது கத்திகள் மட்டுமே. வீட்டுப் பெரிய அறைச் சுவரில் முப்பத்தொரு கத்திகள் தொங்கின. எல்லாம் கையால் அடித்தவை, ஒவ்வொன்றும் தன் தோலுறைக்குள். வாரத்துக்கு நான்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவார். வேலை வாங்குவார், துடைப்பார், எண்ணெய் தடவுவார், உறையின் உட்பக்கத்துக்கு ஆட்டுக்கொழுப்புப் பூசுவார், திரும்ப மாட்டுவார். "கத்தியைச் சுவத்துல மாட்டிட்டுச் சும்மா பாத்துக்கிட்டிருக்கிறவன், பொண்டாட்டியைப் பெட்டியில வச்சுப் பூட்டுற ஆளு" என்பார்.

முப்பத்திரண்டாவது கத்தி சுவரில் இல்லை. எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் கிடந்தது. அது அவர் அப்பா மல்லாபாயின் கத்தி. கொம்புப் பிடி, அதன் கழுத்தில் செம்பு வளையம், அலகில் கொல்லனின் பிறை முத்திரை. ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குப் பலாவ் சமைத்த மனிதர் அவர். அவர் இறந்த நாற்பதாம் நாள், விருந்து முடிந்த கையோடு, ஆணியில் கத்தியோடும் உறையோடும் தொங்கிய அவருடைய இடுப்புக்கச்சையை நோக்கி இரண்டு மகன்களும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். கம்பராலி பிடியைப் பிடித்தார். தம்பி நிஷான் உறையைப் பிடித்தான். இழுத்தார்கள். யார் கையில் எது மிஞ்சியதோ அதோடு வீட்டுக்குப் போனார்கள். பத்தொன்பது வருஷம் பேச்சு இல்லை.

அந்தக் கத்திக்கு வேறு உறை தைக்கக் கம்பராலி நான்கு பேரிடம் கொடுத்துப் பார்த்தார். ஒன்று தளர்ச்சி என்றார், ஒன்று இறுக்கம் என்றார், ஒன்றின் தையல் கேவலம் என்றார், நான்காவதைத் தைத்தவனையே கேவலம் என்றார். அப்பாவின் உறை வேண்டும், அவ்வளவுதான். நிஷானோ ரொட்டிச் சூளையில் வேலை செய்யும்போதும் மழையிலும் வெயிலிலும் அந்த வெறும் உறையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தான். எல்லாம் அண்ணன் கண்ணில் படத்தான். கல்யாண வீடுகளில் அவனைப் பார்த்ததும் கம்பராலி உரக்கக் கேட்பார்: "உறை வந்தாச்சு, கத்தி எப்ப வரும்?" கூட்டம் சிரிக்கும். நிஷான் காதில் விழாதவன் போலத் தேநீர் குடிப்பான்.

நிஷானின் மகள் மஸ்தூராவுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணத்தன்று காலையில் போடும் பலாவ் சோற்றுக்காக முந்தின நாளே ஆண்கள் கூடிக் கேரட் வெட்டுவார்கள், ஆளுக்கு ஆள் தன் கத்தியோடு. பெண்ணின் பெரியப்பா அதில் இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏது என்று கேட்பார்கள். அதனால் நிஷானின் மனைவி சல்தனத் கசாப்புக்கடைக்கு வந்து நின்றாள்.

"அகா, நாளைக்குச் சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் கேரட் வெட்டு. நீங்க வரணும்."

"உன் புருஷனுக்கு வாய் இல்லையா?"

"இருக்கிறதாலதான் நான் வந்தேன். அவரு வந்திருந்தா இங்க ரெண்டு ஆட்டோட மூணாவதா ஒண்ணு தொங்கும். அது நீங்களா அவரான்னு தெரியாது."

கம்பராலி எலும்பை வெட்டிக்கொண்டே இருந்தார்.

"உறையைத் தர்றேன்னு சொல்லியிருக்காரு" என்றாள். "எல்லார் முன்னாடியும்."

வெட்டுவது நின்றது. "மனசாரச் சொன்னானா?"

"மனசு எங்க இருக்கு அவருக்கு? வாயாரச் சொன்னாரு."

மறுநாள் முற்றத்தில் முப்பது பேர் மேடைகளில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மஞ்சள் கேரட் மலையாகக் குவிந்திருந்தது. கம்பராலி அப்பாவின் கத்தியைச் சுற்றிய செய்தித்தாள் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். வயதில் மூத்தவர்கள் வரிசையில் அவருக்கு இடம் விட்டிருந்தார்கள். அவர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை. நிஷான் இடுப்பிலிருந்து உறையைக் கழற்றினான்.

"இந்தாங்க, கசாப்புக்காரரே. எம் பொண்ணுக்காகத் தர்றேன். உங்களுக்காக இல்ல."

"நீ குடுக்கிறதா நான் வாங்கல. எங்கப்பா குடுக்கிறதா வாங்கிக்கிறேன்."

"உங்கப்பான்னா எனக்கு யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

முடிவெட்டும் ஆஷிர் தாத்தா கேரட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ரெண்டு பேரும் முதல்ல நாக்கை உறையில போடுங்கப்பா."

கம்பராலி உறையை வாங்கினார். பத்தொன்பது வருஷ ஏக்கம். கத்தியை உள்ளே விட்டார். பாதியில் நின்றது.

வேறு யாராவது இப்படி ஓர் உறையைக் கொண்டுவந்திருந்தால் அவரே பாடம் நடத்தியிருப்பார். வெறுமையாய்க் காய்ந்த தோல் சுருங்கிவிடும். கொழுப்புப் பூசு, மூன்று நாள் விடு, முதலில் மரத்துண்டைச் செருகு, பிறகுதான் கத்தி. முப்பத்தொரு உறைகளை வளர்த்தவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, சேரலையா?" என்றான் நிஷான்.

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. கம்பராலி இடது கையால் உறையை இறுக்கிப் பிடித்து, வலது கையால் ஓங்கி அழுத்தினார். பழைய தையல் பிரிந்தது. அலகு பக்கவாட்டில் வெளியே வந்து விரல்களின் அடிப்பாகத்தில் இறங்கியது.

கத்தி கீழே விழுந்தது. பக்கத்துத் தட்டிலிருந்த கேரட் முழுக்க ரத்தம்.

"அகா!" என்று கத்தினான் நிஷான். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் என்கிற அந்தச் சொல் அவன் வாயில் வந்தது. ஓடிவந்து தன் இடுப்புக்கச்சையை அவிழ்த்து அண்ணன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினான். "கையை மேல தூக்கு! அறிவுகெட்ட கழுதை!"

"நான் கழுதைன்னா நீ கழுதைக்குத் தம்பி. சுருங்கின உறைன்னு தெரிஞ்சுதானேடா குடுத்த?"

"ரொட்டி மேல சத்தியமா எனக்குத் தெரியாது! கத்தி வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். கத்திதான் உங்கிட்ட இருந்துச்சே!"

இரண்டு பேர் கம்பராலியைத் தாங்கி வாசலுக்கு நடத்தினார்கள். சல்தனத் ரத்தம் பட்ட கேரட்டை அள்ளிக் கொட்டினாள். வேலை பின்தங்கியது, வெட்ட ஒரு ஆள் குறைந்தது. நிஷான் கீழே கிடந்த கத்தியை எடுத்தான், கழுவினான், அண்ணனுக்காக விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தான், வெட்டத் தொடங்கினான். கேரட் மெல்லிசாக, ஒரே அளவாக விழுந்தது. அப்பா வெட்டும் அதே சத்தம் கேட்டது. வாசலில் கம்பராலி நின்று திரும்பிப் பார்த்தார். கையைவிட வயிறு அதிகமாக எரிந்தது.

"துடைச்சு எண்ணெய் போடு! ஈரத்தோட வைக்காத!"

"தெரியும்!"

"காலையில எங்க வீட்டுல கொண்டாந்து குடு!"

"வேணும்னா வந்து வாங்கிக்க!"

மருத்துவமனையில் தையல் போட்டார்கள். வலது கையை ஏன் மூடியே வைத்திருக்கிறார் என்று நர்ஸ் விரித்துப் பார்த்தாள். கிழிந்த உறை உள்ளே சுருண்டிருந்தது. முற்றத்திலிருந்து அதை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. இடது கையின் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. நிஷான் கத்தியைக் கொண்டுவரவில்லை. கம்பராலி போய்க் கேட்கவில்லை.

குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். கம்பராலி உறையைக் கோணல்மாணலாகத் தானே தைத்து, கொழுப்புப் பூசி, இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். நிஷான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு செய்தித்தாள் பிரிந்து கிடந்தது. கையில் அப்பாவின் கத்தி பளபளத்தது. நன்றாகத்தான் வைத்திருந்தான், பாவி.

ஆஷிர் தாத்தா கம்பராலியின் இடுப்பைப் பார்த்தார்.

"உறை வந்தாச்சு, கத்தி எப்ப வரும்?"

மேடை மொத்தமும் சிரித்தது. கம்பராலி தம்பியைப் பார்த்தார். நிஷான் சிரிக்கவில்லை. குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தான். அவன் சிரித்திருந்தால் கம்பராலி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.