தனம் அக்காவின் மைனருக்கு பிரேக் மாற்றிய கதை

ஓடாத காரைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். நிற்காத கார் தானாகவே பட்டறைக்கு வந்து சேர்ந்துவிடும்.

நீங்களும் ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு அடியில் படுத்துக் கழிப்பவராக இருந்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் என்ன பேச்சு கேட்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பிட்டராக இருந்தவன். பிறகு பல்லடம் ரோட்டில் பட்டறை போட்டேன். பக்கத்து ஷெட்டில் சேவியர் லேத் வைத்திருக்கிறார். கடையில் கிடைக்காத சாமானை அவர் கடைந்து கொடுப்பார், நான் மாட்டுவேன். எங்கள் கையில் எத்தனையோ கார்கள் வந்து போயின. அதில் ஒரே ஒரு காரைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

டயர் அடுக்கு

ஒரு காலை நேரம். மைனர் என்று எல்லோரும் சொல்வார்களே, தவளை மாதிரி முன்பக்கம் உருண்டிருக்கும் பழைய இங்கிலாந்துக் கார், அது மெதுவாக என் பட்டறைக்குள் திரும்பியது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, என்னைத் தாண்டி, சுவரோரம் அடுக்கியிருந்த பழைய டயர்களில் போய் முட்டி நின்றது. மேலே இருந்த டயர் ஒன்று உருண்டு ரோட்டுப் பக்கம் போனது. சேவியர் ஓடிப்போய் அதைப் பிடித்தார்.

கதவைத் திறந்து இறங்கியவர் தனலட்சுமி அக்கா. அனுப்பர்பாளையத்தில் பவர் டேபிள் வைத்திருப்பவர். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைக் குழந்தை உடுப்பாகத் தைத்துக் கொடுக்கிற வேலை. சோமனூரில் ஒருவர் தறிக் கூடத்தைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டு டேபிள் வாங்கப் போனவர், மூலையில் தூசி படிந்து நின்ற இந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்து சீட்டிலிருந்து அவருடைய வீட்டுக்காரர் பழனிசாமி இறங்கினார். அவருடைய ஒரு கை ஹேண்ட்பிரேக்கை விட்டு இன்னும் வரவில்லை. அந்தக் காரில் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலையே அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அடி ஏதும் படவில்லையே என்று கேட்டேன். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பதற்றமே இல்லாமல் சொன்னார்: "மூணு மிதி மிதிச்சா நிக்குமுங்க தம்பி. இன்னைக்கு ரெண்டு மிதிக்கத்தான் நேரம் இருந்துச்சு."

பின்னால் போனால் நிற்கும்

அவர்களுடைய ஒரே மகள் கவிதாவைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கவிதா மாசமாக இருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் அவளைத் தலைப்பிரசவத்துக்கு இந்தக் காரில்தான், தானே ஓட்டிக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டி வருவது என்று அக்கா முடிவு செய்திருந்தார். அதற்குள் இரண்டு வேலை ஆக வேண்டும். கார் நிற்க வேண்டும். அப்புறம் வேகமாகப் போக வேண்டும், ஏனென்றால் தாராபுரம் ரோட்டில் லாரிக்காரர்கள் பின்னால் வந்து ஹாரன் அடித்தே ஆளைக் கொல்கிறார்கள். அறுபதைத் தொட்டாலே இன்ஜின் கதறியது. முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும் என்று நான் சொன்னேன். அதற்கு மட்டும் அக்கா ஒத்துக்கொண்டார்.

இந்தக் காரில், மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், டிரைவர் கால் வைக்கிற தரைக்கு அடியில், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அதன் போல்ட்டை உருவப் போனால் சஸ்பென்ஷன் கம்பி குறுக்கே வந்து மறிக்கும். அந்தக் கம்பியைத் தளர்த்தாமல் ஆகாது. முதுகு மண்ணாகி, கண்ணில் துரு விழுந்து, ஒருவழியாகக் கழற்றினேன். சிலிண்டரின் உள்பக்கம் அரித்துப் போயிருந்தது. ஆனால் பெரிய கோளாறு அதுவல்ல. முன் சக்கரத்து பிரேக் ஷூக்கள், சக்கரம் சுற்றும் வேகத்திலேயே இழுபட்டு, சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மின் உள்பக்கத்தில் இறுகும்படி அமைந்தவை. யாரோ ஒருவர் முன்பு வேலை பார்த்தபோது இடது பக்கத்து அமைப்பை வலது பக்கமும், வலதை இடது பக்கமும் மாற்றி மாட்டியிருக்கிறார். அதனால் முன்னால் போகும்போது சக்கரம் ஷூவைத் தள்ளிவிட்டது. பின்னால் போகும்போது மட்டும் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது.

இதை நான் விளக்கிச் சொன்னதும் பழனிசாமி மாமா குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, பல நாள் சந்தேகம் தீர்ந்தவர் போலச் சொன்னார்: "அதானே பார்த்தேன் மாப்ளே. ரிவர்ஸ் எடுக்கறப்ப மட்டும் எனக்கு மனசு நிம்மதியா இருக்கும்."

ஒரு கை குட்டை

பழைய டிரம்மையே சரிசெய்து போட்டிருக்கலாம். ஆனால் இன்றைய ரோட்டில் எல்லா வண்டியும் டிஸ்க் பிரேக்கில் நிற்கிறது. நாம் மட்டும் டிரம்மை வைத்துக்கொண்டு மெதுவாக நின்றால் முன்னால் போகிறவனுக்கு ஆபத்து. முன் சக்கரத்துக்கு டிஸ்க் மாற்றும் சாமான்களையும், இன்ஜின் கதறாமல் வேகம் போகப் பின் அச்சுக்கு வேறு பல் கணக்கில் வெட்டிய கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியையும் இங்கிலாந்தில் ஒரு கடைக்காரரிடம் கேட்டு வரவழைத்தோம். பெட்டி வந்த அன்று அக்காவும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

நானும் சேவியரும் டிஸ்க்கின் பளபளப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒவ்வொரு சாமானையும் ஜோடி ஜோடியாகத் தரையில் பரப்பினார். குழந்தை உடுப்பைச் செக்கிங் பண்ணுகிற அதே வேகம். பிரேக் ஆயில் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைச் சேர்த்துப் பிடித்தார். டேப் வைத்தார். ஒன்று குட்டையாக இருந்தது. முதலில் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. பிறகு காரில் வைத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். குட்டை ஹோஸ் கம்பி போல விறைத்து நின்றது. ரோட்டில் ஒரு திருப்பத்தில் அது பிய்த்துக்கொண்டிருந்தால் ஆயில் முழுவதும் வெளியேறியிருக்கும். இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழிதான், நான்கும் பிடிக்காமல் போயிருக்கும். குட்டை ஹோஸைக் கழற்றித் தனியே வைத்தேன்.

கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினோம். அவர் மன்னிப்புக் கேட்டு வேறு ஹோஸ் அனுப்புவதாக உடனே பதில் எழுதினார். அவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அக்காவுக்கு மனசு ஆறவில்லை. "ஒரு கை நீளம், ஒரு கை குட்டையின்னு நாம பனியன் அனுப்புனா அந்த ஊர்க்காரங்க வாங்குவாங்களாங்க தம்பி?" என்றார்.

மீடியம், லார்ஜ்

டிஸ்க்கைப் பொருத்த ஒரு வளையம் தேவைப்பட்டது; சேவியர் கடைந்தார். மாற்று ஹோஸும் புது மாஸ்டர் சிலிண்டரும் மாட்டி, ஆயில் ஊற்றி, குழாயில் இருந்த காற்றை எல்லாம் எடுத்து, ஷெட்டுக்கு முன்னால் ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். ஒரே மிதியில், நேர்கோட்டில் நின்றது. அதற்குப் பிறகுதான் கியர் கணக்கில் கை வைத்தேன். பின் அச்சைப் பிரித்துப் புது கிரவுன் பினியனை மாட்டி, பல்லும் பல்லும் எங்கே உரசுகிறது என்று மை தடவிப் பார்த்து, இடைவெளி சரிவரும்வரை பிரிப்பதும் மாட்டுவதுமாக இருந்தேன். நிட்டிங் மெஷினில் பல்சக்கரம் மாற்றிய கைக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

வெள்ளோட்டத்துக்குத் தாராபுரம் ரோட்டில் போனோம். அக்கா ஓட்டினார், மாமா பக்கத்தில், நான் பின்சீட்டில். இன்ஜின் கதறவில்லை. அக்காவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த மாற்றத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. மீட்டருக்குக் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. அச்சின் பல் கணக்கு மாறியது மீட்டருக்குத் தெரியாது. முள் ஐம்பதில் நிற்கும்போது கார் அறுபதுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். பழனிசாமி மாமா போனில் வேகத்தைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க, போன் பொய் சொல்கிறது என்று அக்கா சாதித்தார். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் காலைத் தளர்த்தினார்.

மீட்டரைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிச் சரிசெய்ய நாள் இல்லை, வளைகாப்பு நெருங்கிவிட்டது. மாமாவே ஒரு வழி கண்டுபிடித்தார். பவர் டேபிளில் கிடந்த சைஸ் ஸ்டிக்கர்களை எடுத்து வந்து, போனைப் பார்த்துப் பார்த்து, மீட்டர் கண்ணாடியின் மேல் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு முள்ளைக் கவனிப்பது அவர் வேலையானது. மறுமுறை நான் அவர்களோடு போனபோது, அக்கா ஒரு டெம்போவை முந்த வேகம் எடுத்தார். மாமா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தனம், லார்ஜுக்குப் போயிட்டே. நம்மளுக்கு மீடியம் போதும்."

சிவன்மலை ஏற்றம்

வேகத்துக்குத் தோதாகப் பல் கணக்கை மாற்றினால் ஏற்றத்தில் இழுவை குறையும். இதை நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். நீங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள், அவர்களும் தலையாட்டியிருப்பார்கள்.

காரைச் சிவன்மலை முருகனிடம் காட்டிவிட்டுத்தான் மகளை ஏற்றுவது என்று அக்கா கிளம்பினார். மாமா, நான், பூஜைச் சாமான், ஒரு தார் வாழைப்பழம். பாதி மலையில் இரண்டாவது கியரில் கார் மூச்சுத் திணறியது. இந்தக் காரில் ஓட்டத்தில் முதல் கியர் விழாது, நிறுத்தித்தான் போட வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தினார் அக்கா. பிரேக் பிடித்த இடத்தில் கார் இம்மியும் நகரவில்லை, எனக்கு அது போதும். மறுபடி கிளம்பத்தான் பாரம் அதிகமாக இருந்தது. நானும் மாமாவும் இறங்கினோம். முதல் கியரில் கார் ஊர்ந்தது. நாங்கள் இருவரும் வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நடந்தோம். வெறுங்காலோடு மலை ஏறிக்கொண்டிருந்த ஒருவர் எங்களை நிதானமாகக் கடந்து போனார். போகும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, காரும் பாதயாத்திரைதானுங்களா?"

குண்டடம் தாண்டி

வளைகாப்பு அன்று நானும் சேவியரும் என் வேனில் தாராபுரம் போயிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. அவர்கள் பெரிய புதுக் கார் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். பிள்ளைத்தாச்சியை அந்தப் பழைய டப்பாவில் ஏற்ற வேண்டாம் என்று மருமகனின் அம்மா கண் கலங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா ஓட்டினால் போகிறேன் என்று கவிதா சொன்னாள். கடைசியில் மருமகன் என்னைத் தனியாக அழைத்து, நம்பலாமா என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். மாட்டிய ஒவ்வொரு போல்ட்டும் என் கண் முன்னால் வந்து போனது. என் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் ஏற்றுவேன் என்றேன். அப்படியானால் நீங்கள் பின்னாலேயே போங்கள் என்று சொல்லிவிட்டார்.

அக்கா மீடியத்தைத் தாண்டாமல் போனார். நான் வேனில் பின்தொடர்ந்தேன். குண்டடம் தாண்டியதும் ஒரு தனியார் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்கள் இரண்டு வண்டியையும் முந்தியது. முந்திய வேகத்தில், ரோட்டோரம் யாரோ கை காட்ட, அக்காவுக்கு நேர் முன்னால் ஒடித்து நிறுத்தியது. மைனரின் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். கார் இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு அப்படியே நின்றது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதே நொடியில் என் வேன் நிற்கவில்லை என்பதும் தெரிந்தது. பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். வேன் தாரை விட்டு மண்ணில் இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, மைனருக்குப் பக்கத்தில் போய் நின்றது.

புழுதி அடங்கியது. சேவியர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நான் காலை இன்னும் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. மைனரின் பின்சீட்டில், இரண்டு கை நிறைய வளையல்களோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கவிதாவின் ஜன்னல், என் ஜன்னலுக்கு நேராக இருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னையும் என் வேனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு, உண்மையாகவே அக்கறையோடு கேட்டாள்: "எங்கம்மா கார் நின்னுருச்சுங்க மாமா. உங்க வண்டிக்கு யாருங்க மெக்கானிக்?"

பிரேக் வேலையை நன்றாகச் செய்தால் ரோட்டில் ஒன்றுமே நடக்காது, நடக்காத ஒன்றுக்காக எந்த ஊரிலும் யாரும் மாலை போட்டதில்லை.