அண்ணன் வீட்டுப் பிடி அரிசி

எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நல்லதை மட்டும் எழுது என்று உறவினர் சொன்னார்கள். கூடப் பிறந்தவள் நான். எனக்கு அது வராது.

அண்ணன் பிறந்தது திமிரியில். கடலைக் காட்டில் பாடுபட்டுக்கொண்டே படித்து, வேலூரில் கல்லூரி ஆசிரியரானார். கோட்டும் தலைப்பாகையுமாகப் பார்த்து ஊரே அவரைப் பணக்காரர் என்றது. கோட்டுக்குள் இருந்த சட்டையின் முதுகெல்லாம் ஒட்டு என்பது அண்ணிக்கும் எனக்கும்தான் தெரியும்.

உடன் வேலை பார்த்தவர்கள் சம்பளம் போதவில்லை என்று புலம்புவார்கள். அண்ணன் மட்டும், "நமக்கு இன்னா குறைச்சல்?" என்பார். அவருடைய கணக்கே வேறு. உலையில் அரிசி போடும்போதெல்லாம் அண்ணி ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மாதம் முடிந்ததும் அது இல்லாத வீட்டு மாணவர் எவருக்காவது போகும். அந்தப் பானையில் அரிசி விழுகிற வரைக்கும் நாம் வசதியானவர்கள்தாம் என்பது அவர் கட்சி.

காலம் கெட்டு, சம்பளம் குறைந்தது. மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப் நடத்திய அவருடைய தோஸ்த், தம் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்க இருமடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டார். வீட்டிலோ மூன்று பிள்ளைகள். நான் வாழ்க்கைப்பட்ட ஆம்பூரிலிருந்து ரயிலேறிப் போய்ச் சண்டையே போட்டேன். ஊராருக்குப் பிடி அரிசி, பெற்ற பிள்ளைகளுக்குக் கூழா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"இல்லம்மா, பாடம் சொல்லிக் குடுக்கறதுக்குக் காசும் குடுக்கறாங்களே, அது ஜாஸ்தி இல்லியா?"

போகவில்லை, பிடிவாதக்காரர்.

கடைசியில் நெஞ்சு நோவு வந்து படுத்தார். சம்பளம் நின்றது. அண்ணி அவருக்குத் தெரியாமல் பிடி அரிசியை நிறுத்திவிட்டார். வேறென்ன செய்வார், பாவம். ஒரு காலை உலை கொதிக்கும்போது, "பானையில போட்டியா? சத்தமே கேக்கலியே" என்று அண்ணன் படுக்கையிலிருந்து கேட்டார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பானையை அத்தனை நாள் திட்டித் தீர்த்த நான்தான், ஆம்பூரிலிருந்து கொண்டுபோன அரிசியில் ஒரு பிடி அள்ளி, அவர் காதில் விழும்படி உயரத்திலிருந்து போட்டேன். நமக்கு இன்னா குறைச்சல் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

வண்டி அனுப்பி வைத்தியரை வரவழைத்த மேல்விஷாரத்து நண்பருக்கும், முறை போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த மாணவர்களுக்கும், பிள்ளைகளின் படிப்புக்குத் துணை நிற்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அந்த வேலைக்கு அண்ணன் போயிருக்க வேண்டும் என்றே இன்றும் சொல்வேன். பானையை அண்ணி என்னிடம் கொடுத்துவிட்டார். இன்று காலையும் அதில் ஒரு பிடி போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.