ரெண்டு கிலோ கம்மி

பேச்சியம்மாளின் எடை நாலே நாளில் ரெண்டு கிலோ இறங்கியதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுபதுகளின் கடைசி. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். வாரம் ஒருநாள் போடியிலிருந்து டாக்டர் ஜீப்பில் வருவார். மற்ற ஆறு நாளும் நான்தான் டாக்டர் என்று எனக்கு நினைப்பு.

பேச்சியம்மாள் காய் எடுக்கிற பெண், இருபத்திரண்டு வயது. மூளையில் வந்த கட்டியை மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். பிழைத்து வந்தவள், ஒரு வருஷத்துக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பெருத்துவிட்டாள். தினமும் தைராய்டு மாத்திரை, ஸ்டீராய்டு மாத்திரை. பசியை அடக்க இன்னொரு மாத்திரையும் டாக்டர் கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை.

அவள் புருஷன் சின்னச்சாமி என்னிடம் வந்து புலம்பினான். "அண்ணே, பானையில சோறு மிஞ்ச மாட்டேங்குது. ஒளிச்சு வச்சாலும் தேடித் திங்கிறா. இப்படியே போனா அவ ஆத்தா வீட்டுல கொண்டுபோயி விட்டுர்றேன்."

எனக்குக் குழப்பம். தின்பதால் உடம்பு போடுகிறதா, மாத்திரையாலா? ஸ்டீராய்டு ஆளை ஊதவைக்கும் என்பது கம்பவுண்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டாக்டரைக் கேட்காமலே அதை நிறுத்தினேன்.

டிஸ்பென்சரியில் ஆள் எடை பார்க்கிற மிஷின் கிடையாது. பச்சைக்காய் நிறுக்கிற ஸ்டோர் தராசில்தான் அவளை ஏற்றுவோம். காய்ச்சாக்குக்குக் கூவுகிற மாதிரியே கணக்கப்பிள்ளை அவளுக்கும் கூவுவார். பெண்கள் சிரிப்பார்கள். மாத்திரையை நிறுத்திய நாலாம் நாள் "ரெண்டு கிலோ கம்மி!" என்று அவர் கூவியதும், நான் மீசையை முறுக்காத குறைதான். சாப்பாடே இறங்கவில்லை என்று அவள் சொன்னதுகூட நல்ல சேதியாகத்தான் என் காதில் விழுந்தது.

மறுநாள் காலை செடிகளுக்கு நடுவே வாந்தியெடுத்து விழுந்துவிட்டாள். நாடி கையில் சிக்கவில்லை. லோடு ஏற்றி நின்ற ஜீப்பிலிருந்து மூட்டைகளை இறக்கிவிட்டு அவளைப் படுக்கவைத்தோம். வளைவுக்கு வளைவு அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவள் செத்தால் கொன்றவன் நான்.

போடியில் டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன்.

"யோவ், அந்த ஆபரேஷனுக்குப் பெறகு அவ உடம்புல தானா ஊறவேண்டிய ஸ்டீராய்டு நின்னுபோச்சு. அதுக்குப் பதிலாத்தான்யா அந்த மாத்திரை. அத நிறுத்துனா உசுரு நிக்குமா?"

"அப்ப உடம்பு போடுறது எதனால சார்?"

"வயிறு நெறஞ்சுருச்சுன்னு சொல்ற எடம் மூளையில கெட்டுப்போச்சு. அதுக்கு மருந்து என்னன்னு எனக்கே தெரியலய்யா."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எழுதிய டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெளிவு போதாது.

சாயங்காலம் பேச்சியம்மாள் கண் விழித்தாள். சின்னச்சாமி அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும்ண்ணே. எம்புட்டுத் தின்னேன்னு தோட்டமே கேட்டுச்சு. தின்ன பெறகும் பசிக்குதான்னு ஒரு ஆளு கேக்கலியே."

"இப்பப் பசிக்குதா தாயி?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கொடுத்தால் உடம்பு ஏறும். கொடுக்காவிட்டால் பசியோடு கிடப்பாள். எது வைத்தியம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு இட்லி வாங்கப் போனேன்.