ஒற்றைக்கண் சாமியின் கிழமை

எனக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. கம்மாபுரம் பக்கம் எங்கள் கொல்லையில், ஏழு வயதில், சோளத்தட்டை குத்தியது. அதற்காக ரொம்ப நாள் அழுததாக ஞாபகம் இல்லை. மிச்சமிருந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டே அஞ்சாம் வகுப்பு முடித்தேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன், கடலூருக்குக் குடி வந்தேன், மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். போன வருஷம் அந்தக் கண்ணிலும் புரை விழுந்தது. ஒருநாள் வாசலில் நின்றவரை மகன் என்று நினைத்து, சாப்பிட்டாயாடா என்று கேட்டுவிட்டேன். அவர் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர். பாவம், சாப்பிட்டேம்மா என்றார். அதற்கப்புறம் அவர் தெருவைத் தாண்டும்வரை நான் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

சிதம்பரத்தில் என் தங்கச்சி இருக்கிறாள். அவள் சொன்ன கண் டாக்டரிடம் போனோம். இருப்பது ஒரே கண், அதனால் தள்ளிப்போடக் கூடாது, பயப்படவும் வேண்டாம் என்றார் டாக்டர். செவ்வாயும் புதனும்தான் அவர் ஆபரேஷன் செய்யும் நாள். என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை, செவ்வாய்க்கிழமைக்குச் சீட்டு வாங்கிவிட்டார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கடலூர் வந்து சேரும்வரை பஸ்ஸிலும் மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சோறு போடும்போதுதான், செவ்வாய்க்கிழமை வேண்டாங்க என்று சொன்னேன். செவ்வாயோ வெறுவாயோ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வெறுவாயோடு போகட்டும் என்று விடுவதற்கு எனக்கு இன்னொரு கண் இல்லை.

என் வீட்டுக்காரருக்குச் சாமி கிடையாது, ராகுகாலம் கிடையாது. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எங்கள் கல்யாணம்கூட நாள் பார்க்காமல்தான் நடந்தது என்று எல்லோரிடமும் சொல்வார். நடந்தது திருவந்திபுரம் கோயிலில். நாள் பார்க்காமலா அன்றைக்கு அங்கே தாலி கட்ட அத்தனை ஜோடி வரிசையில் நின்றது என்று நான் இதுவரை கேட்டதில்லை.

நான் சொன்னதைக் கேட்டதும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"செவ்வா, தோசமெல்லாம் நம்மூரு கெழமைக்கு. டாக்டரு எழுதியிருக்கறது டியூஸ்டே. இங்கிலீஷ்காரன் கெழமைல சாமியும் கெடயாது, பூதமும் கெடயாது. சும்மா பேரு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ற மாதிரி."

சொன்னதோடு விட்டிருக்கலாம். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். இங்கிலீஷ் கிழமைகளுக்கு எப்படிப் பெயர் வந்தது என்று தேடி, கூட்டத்தில் பேசுகிற மாதிரி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். சண்டே என்றால் சூரியன். அது விஞ்ஞானம் என்றார். மண்டே என்றால் நிலா. அதுவும் விஞ்ஞானம். டியூஸ்டே வந்ததும் குரல் இறங்கிவிட்டது. அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. என்னாங்க போட்டிருக்கு என்று கேட்டேன்.

"இங்க ஒரு சாமி வருது" என்றார்.

அந்தச் சாமி சண்டைக்கான சாமியாம். அந்தக் காலத்தில் குளிர் தேசத்துக்காரர்கள் கும்பிட்டது. ஒரு பெரிய ஓநாயைக் கட்டிப்போட எல்லாச் சாமியும் சேர்ந்து போனார்களாம். யாராவது என் வாயில் கையை வைத்தால்தான் கட்ட விடுவேன் என்றதாம் ஓநாய். இவர் ஒருத்தர்தான் வைத்தார். ஏமாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஓநாய் கையைக் கடித்துத் தின்றுவிட்டது. அதற்கும் முன்னால் ரோமாபுரியில் அதே நாளுக்குச் செவ்வாய்க் கிரகத்தின் பெயரைத்தான் வைத்திருந்தார்களாம்.

"அப்ப அதுவும் செவ்வாதானா?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு தடவையும் கேட்டேன். அவர் காதில் விழவில்லை என்று நினைத்து இல்லை.

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வெள்ளைக்காரனாக இருந்தாலும் ஏழு நாளையும் சாமி இல்லாமல் யார் தள்ள முடியும்? அவர்தான், எழுதினவன் முட்டாள் என்று போனைக் கவிழ்த்து வைத்தார். ஆனால் மறுநாள் காலையில் அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு புதன்கிழமைக்கு மாற்றினார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. நான் நிம்மதியாக ஊறவைத்த துணியைத் துவைக்கப் போனேன். அவர் மிச்சக் கிழமைகளைப் படிக்க உட்கார்ந்தார்.

துவைத்துவிட்டு வந்து பார்த்தால் ஆள் வேறு மாதிரி இருந்தார். வியாழக்கிழமை செய்வார்களா என்று ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் போன் போட்டார். அங்கே முடியாது என்றார்கள். உனக்கு நிஜமாகவே மங்கலாகத்தான் தெரிகிறதா என்று என்னைக் கேட்டார். சொட்டு மருந்திலேயே புரையைக் கரைக்கிறார்களாமே என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார். ஏன் இன்னும் தாமதம் என்று ஒரு மாதமாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். டாக்டர் இவரிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார், கண் தேறாது போலிருக்கிறது, இவர் மறைக்கிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அது நிஜமாகிவிடும் அல்லவா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிதம்பரம் போய் தங்கச்சி வீட்டில் இறங்கினோம். என் வீட்டுக்காரரும் தங்கச்சி வீட்டுக்காரரும் காப்பித் தம்ளரோடு வெளியே போய் நின்று குசுகுசு என்று பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் தங்கச்சி வீட்டுக்காரர் உள்ளே வந்தார். வந்தவர் தங்கச்சியை மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டார். அதற்கப்புறம் தங்கச்சி முருங்கைக்கீரையை முறத்தில் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் வயிற்றில் ஒரு சேதியும் ஒரு மணி நேரம் தங்காது. இது பத்து நிமிஷம் தங்கியது.

"அக்கா, மாமா ஏன் இப்புடிச் சுத்துறாருன்னு தெரியுமா? ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. நாளைக்கு ஒத்தக்கண்ணு சாமியோட நாளாம்."

வெட்னஸ்டே என்பது அந்தக் குளிர் தேசத்துச் சாமிகளுக்கெல்லாம் பெரிய சாமியுடைய நாள். ஒரு கிணற்றில் குடித்தால் புத்தி வருகிற தண்ணீர் இருந்ததாம். காவல்காரன், ஒரு கண்ணைக் கொடுத்தால் ஒரு வாய் தண்ணீர் என்றானாம். சாமி ஒரு கண்ணைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டுக் குடித்தாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை! இதற்காகவா ஒரு வாரம் நான் பட்டினி கிடந்தேன்? தங்கச்சி சிரிக்கவில்லை. அவள் கீரையை உருவுவதையும் நிறுத்திவிட்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த பார்வையில் எனக்கும் சிரிப்பு நின்று பயம் பிடித்துக்கொண்டது. ஒரு கண்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் கண் பிடுங்கின சாமியின் நாளிலா வைப்பது?

கீரையை நான் வாங்கி உருவினேன். எனக்குக் கை வேலை செய்தால்தான் மண்டை வேலை செய்யும். அவருக்கும் ஒரு கண், எனக்கும் ஒரு கண். அவர் தானாகக் கொடுத்தார், எனக்குத் தட்டை குத்தியது. அவருக்குப் புத்தி கிடைத்தது, எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தாலும் ஒற்றைக் கண்ணோடு அடுப்பு ஊதுகிற கஷ்டம் இன்னொரு ஒற்றைக் கண்ணுக்குத்தான் தெரியும். ஏழு கிழமையில் எனக்கு வேண்டப்பட்டவர் என்று ஒருத்தர் இருந்தால் அது இவர்தான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. அந்த மிச்சக் கண்ணுக்கு அப்புறம் ஏதாவது ஆனதா என்று தங்கச்சியைக் கேட்டேன். அவள் போய் அவள் வீட்டுக்காரரைக் கேட்டாள். அவர் போய் என் வீட்டுக்காரரிடம், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். அதே வழியில் பதில் திரும்பி வந்தது. கடைசியில் அந்தச் சாமியை ஓர் ஓநாய் முழுசாக விழுங்கிவிட்டதாம். ஆனால் கண்ணுக்கென்று தனியாக ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி போட்டுவிட்டு, கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரர் நர்ஸிடம் போய், இவளுக்குக் காலையிலிருந்து தலை சுற்றுகிறது, அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நர்ஸ் போய் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். என்னம்மா, தலை சுற்றுகிறதா என்றார் டாக்டர். நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தும் வெளியாள் முன்னால் அவர் பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்குச் சுத்தலைங்க. அவருக்குத்தான் சுத்துது. இன்னைக்கே பண்ணிடுங்க."

டாக்டர் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிரஷர் பார்க்கச் சொன்னார். நிஜமாகவே ஏறியிருந்தது. எனக்கு உள்ளே ஆபரேஷன் நடந்தபோது அவரை வெளியே ஒரு கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது, தாத்தாவுக்கு இப்போது பரவாயில்லை, பிஸ்கட் சாப்பிட்டார் என்று நர்ஸ் எனக்குத் தகவல் சொன்னாள்.

அடுத்த நாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டினார். மூன்று என்றேன். இன்னொரு கையைக் காட்டினார். இரண்டு, மோதிரம் போட்டிருக்கிறீர்கள் என்றேன். அவர் சிரித்தார். அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவருக்கு இவ்வளவு வயதாகியிருப்பது எனக்கு யாரும் சொல்லாத சேதி. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு, நான் யாரு என்று கேட்டார். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் இல்லை என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சீட்டு எழுதும் இடத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் அடுத்து சனிக்கிழமை வரவேண்டும் என்று எழுதப் போனாள். இவர் மேஜை மேல் குனிந்து, சனிக்கிழமை வேண்டாம், திங்கட்கிழமை கொடும்மா என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு விளங்கிவிட்டது. சனிவரை படித்திருக்கிறார். மற்றக் கிரகமெல்லாம் வெள்ளைக்காரனிடம் வேஷம் மாற்றிக்கொண்டு போயிருக்கலாம், சனி மட்டும் அங்கேயும் சனியாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பெண்ணுக்குக் குரல் கொஞ்சம் ஜாஸ்தி. "ஏன் தாத்தா, நாளெல்லாம் பாப்பீங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகுவது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"அவரு பாக்க மாட்டாரும்மா" என்றேன். "நான்தான் பாப்பேன்."

அவள் திங்கட்கிழமை என்று எழுதிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வண்டி நகர்ந்ததும், பொம்பளைங்க இப்படி நாள் பார்த்துக்கொண்டிருந்தால் நாடு எங்கே உருப்படும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடலூர் வரும்வரை ஒரு கடைப் பலகை விடாமல் படித்துக்கொண்டு வந்தேன்.